பிள்ளையின் கைக்கு வந்த பல் தூரிகை

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கண்டு மகிழ்ந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு சடங்கு வகுத்துக் கொண்டவர்கள் தமிழர்கள். தொட்டிலில் இடுவதற்கு ஒரு நாள், பெயர் சூட்டுவதற்கு ஒரு நாள், சோறூட்டுவதற்கு ஒரு நாள், காது குத்துவதற்கு ஒரு நாள், ஏடு தொடங்குவதற்கு ஒரு நாள் என நம் முன்னோர் நாள் பார்த்துச் செய்தனர். விழுந்த பாற்பல்லைக் கூரைமேல் எறிவதற்குக்கூட ஒரு வழக்கம் இருந்தது. ஆயினும், பிள்ளை தன் பல்லைத் தானே துலக்கத் தொடங்கும் நாளுக்கு மட்டும் எந்தச் சடங்கும் ஏற்படவில்லை. அதனால் அந்த நாள் எது என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததுமில்லை.

எந்த வயதில் ஒரு பிள்ளை தன் பல்லைத் தானே துலக்கும் தகுதியைப் பெறுகின்றது? கேட்பதற்கு இது மிக எளிய வினா. ஆனால், இதற்கு வரலாறு தந்துள்ள விடைகள் ஒன்றல்ல. பழங்காலத்தில் வீட்டு வழக்கம் இதற்கு விடை தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பள்ளிக்கூடம் விடை தந்தது. மலாயாவின் தோட்டப்புறங்களில் விடியற்காலைப் பெரட்டு மணி விடை தந்தது. பிள்ளையின் கைத்திறனையே அளவுகோலாகக் கொண்டு விடை தேடியது அண்மைக் காலத்தில்தான். அந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதனால் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பெறக்கூடிய படிப்பினை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குச்சியும் கரியும் விரலும்

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லின் உறுதியோடு இணைத்துப் பேசும் பழமொழியைத் தமிழாசிரியர்கள் அனைவரும் அறிவர். வேப்பங்குச்சியின் பெருமையும் நாம் அறிந்ததே. அரபு நாட்டவர் உகாய் மரத்தின் வேரையும் கிளையையும் நறுக்கி 'மிஸ்வாக்' எனப் பயன்படுத்தினர். இஸ்லாம் பரவிய நாடுகளிலெல்லாம் அவ்வழக்கமும் பரவியது. மலாய் மக்கள் பல் துலக்கும் குச்சியைச் 'சூகி' என்று அழைத்தனர்.

இந்தக் குச்சிகளைப் பயன்படுத்துவது சிறு பிள்ளைகளால் எளிதில் ஆகக்கூடிய செயலன்று. குச்சியின் நுனியைக் கடைவாயில் வைத்து மென்று, நார் நாராகப் பிரித்த பின்னரே அது பல்லைத் தேய்க்க உதவும். அதற்கு வலிய பல்லும் பொறுமையும் வேண்டும். எனவே பிள்ளைகளுக்கு உரிய கருவியாக விரலே அமைந்தது. உமிக்கரி, அடுப்புக்கரி, உப்பு, சாம்பல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தாயோ பாட்டியோ உள்ளங்கையில் இட்டுக் கொடுக்க, பிள்ளை விரலால் தொட்டுப் பல்லில் தேய்க்கும். முன்பற்கள் பளிச்சிட்டால் வேலை முடிந்தது. கடைவாய்ப் பற்களை அந்தச் சிறு விரல் எட்டியதா என்று பார்ப்பவர் இல்லை.

நம் மொழியில் இதற்கு வழங்கும் சொற்களையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பல்லை 'விளக்குகிறோம்' என்கிறோம்; 'துலக்குகிறோம்' என்கிறோம்; 'தேய்க்கிறோம்' என்கிறோம். பித்தளைக் குடத்துக்கும் செம்புப் பாத்திரத்துக்கும் நாம் வழங்கும் சொற்களும் இவையே. பல்லை ஒளிபெறச் செய்வதும் வாயின் நாற்றத்தைப் போக்குவதுமே அக்காலத்தில் நோக்கமாக இருந்தன என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன. பல் சொத்தையாவதற்கும் பல் துலக்காமைக்கும் உள்ள தொடர்பு தெளிவாக அறியப்படவில்லை. 'பல்லில் பூச்சி விழுந்துவிட்டது' என்றே பெரியோர் கூறினர். பல்லைப் புழு அரிக்கிறது என்னும் நம்பிக்கை தமிழரிடம் மட்டுமன்றி, சீனரிடமும் ஐரோப்பியரிடமும் மிகப் பழங்காலந்தொட்டே இருந்து வந்தது.

அந்த நம்பிக்கைக்கு உறுதியான மாற்றுரை தந்தவர், பெர்லின் நகரில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர் வில்லோபி மில்லர் ஆவார். வாயில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி 1890-இல் அவர் வெளியிட்ட நூல், சொத்தைக்குக் காரணம் புழுவன்று என விளக்கியது. உணவில் எஞ்சும் சர்க்கரையையும் மாவையும் நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையை மெல்ல மெல்லக் கரைக்கின்றது. பல்லின் மேல் படியும் மெல்லிய ஏட்டில் அந்த நுண்ணுயிர்கள் கூட்டமாகத் தங்கி வாழ்கின்றன என்பதும் அதனையடுத்துத் தெளிவாயிற்று. அந்த ஏட்டை நாள்தோறும் அகற்றுவதே பல் துலக்குதலின் உண்மைப் பயன். பளபளப்பு அதன் பக்க விளைவு மட்டுமே.

இதனால் கருவியைப் பற்றிய எண்ணமும் மாறியது. இங்கிலாந்தில் வில்லியம் ஆடிஸ் என்பவர் 1780-ஆம் ஆண்டளவில் தூரிகைத் தொழிலைத் தொடங்கியிருந்தார். எலும்புக் கைப்பிடியும் விலங்கு மயிரும் கொண்ட அத்தகைய தூரிகை விலை மிக்கது. பின்னாளில் பெரும்பாலான தூரிகைகளில் பன்றி மயிரே பயன்பட்டதால், எல்லாச் சமயத்தாரும் மனம் ஒப்பி வாயில் வைக்கக்கூடிய பொருளாகவும் அது அமையவில்லை. 1938-இல் நைலான் இழையாலான தூரிகை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னரே, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், ஏழை வீட்டுப் பிள்ளையும் தனக்கென ஒரு தூரிகை வைத்துக் கொள்ளும் நிலை மெல்ல உருவாயிற்று.

பள்ளிவாசலில் எழுந்த வினா

காரணம் தெரிந்தது, கருவியும் வந்தது. கற்பிப்பவர் யார் என்ற வினா எஞ்சி நின்றது. அந்த வினாவுக்குப் பள்ளிக்கூடமே முன்வந்து விடை சொன்னது.

இங்கிலாந்தில் 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வது கட்டாயமாயிற்று. ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடியபோதுதான், அவர்களுடைய வாய்களின் நிலை பிறர் கண்ணில் பட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சார்ந்த பல் மருத்துவர் வில்லியம் ஃபிஷர், பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதைக் கட்டாயமாக்க வேண்டுமென 1885-இல் வாதிட்டார். அவ்வாதத்துக்கு வலுவூட்டியது கருணையைக் காட்டிலும் போரே எனலாம். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், பல் கெட்ட காரணத்தால் படைக்குத் தகுதியற்றோர் எனத் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர் பலர். படைவீரனின் பல்லைக் காக்க வேண்டுமாயின் பிள்ளையின் பல்லைக் காக்க வேண்டும் என்பதை அரசுகள் உணரத் தொடங்கின.

ஸ்ட்ராஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் யெசன் என்பார் 1902-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென நகராட்சிப் பல் மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவினார். அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், பற்களைத் தூய்மை செய்வதற்கும் தூய்மையைக் கற்பிப்பதற்கும் பெண்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியை 1913-இல் தொடங்கினார். அங்குப் பயின்ற மகளிர் 1914 முதல் அந்நகரப் பள்ளிகளுக்குள் சென்றனர். வகுப்பறையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தூரிகையைப் பிடிக்கும் முறையையும் அசைக்கும் முறையையும் உடற்பயிற்சி போல் கற்றுக் கொடுத்தனர். ஜப்பானில் 1932-ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டிப் பல் துலக்கும் விழாவே நடத்தப்பட்டது.

நியூசிலாந்து நாடோ இன்னும் ஒரு படி முன்னே சென்றது. முதல் உலகப் போரில் தன் படைவீரர்களின் பற்கள் இருந்த நிலையைக் கண்ட அந்நாடு, தாமஸ் ஹண்டர் என்பாரின் முயற்சியால் 1921-இல் பள்ளிப் பல் மருத்துவச் சேவையை ஏற்படுத்தியது. இளம்பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தந்து, பிள்ளைகளின் பற்களை மட்டும் பரிசோதிக்கவும் அடைக்கவும் பிடுங்கவும் உரிமையுள்ள 'பல் தாதியர்' எனப் பணியில் அமர்த்தியது. பல் மருத்துவரே செய்யத்தக்கது எனக் கருதப்பட்ட பணியை வேறொருவர் செய்வது அக்காலத்தில் பெரும் புதுமை. அப்புதுமைதான் பின்னர் நம் நாடுகளுக்கு வந்து சேர்ந்தது.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மேற்கூறிய நாடுகள் யாவும் ஐந்து, ஆறு, ஏழு வயதைப் பல் துலக்கக் கற்பிக்கும் வயதாகத் தேர்ந்தெடுத்தன. அந்த வயதில் பிள்ளையின் கை அச்செயலுக்குத் தகுதி பெற்றுவிட்டது என்று எவரும் ஆராய்ந்து கண்டதால் அன்று. பிள்ளைகள் ஓரிடத்தில் வந்து கூடுவது அந்த வயதில் என்பதால்தான். பள்ளியில் சேரும் வயதே பல் துலக்கும் வயது ஆயிற்று. அதற்கு முந்திய ஆண்டுகள் கணக்கில் வராமற் போயின.

மலாயாவும் சிங்கப்பூரும்

சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் 1929-இல் பல் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கே பயின்று வெளிவந்த மருத்துவர்களின் தொகை, வளர்ந்து வந்த மக்கள் தொகைக்கு ஈடாகவில்லை. அதே காலத்தில் பிள்ளைகளின் உணவும் மாறிக் கொண்டிருந்தது. சர்க்கரை மிகுந்த டின் பால் குழந்தைகளுக்கு ஏற்ற உணவென்று விளம்பரம் செய்யப்பட்டு, ஏழைக் குடும்பங்களிலும் புகுந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரையில், தாய்ப்பாலுக்கு மாற்றாக இத்தகைய பாலைப் பரப்புவதைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கடுமையாகக் கண்டித்தார். அவர் பேசியது குழந்தைகளின் உயிரைப் பற்றி. எனினும், அந்தச் சர்க்கரை குழந்தைகளின் முளைக்கும் பற்களுக்கும் பகையே என்பதை மில்லரின் விளக்கத்தைக் கொண்டு நாம் உணரலாம்.

போர் முடிந்தபின், 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. நியூசிலாந்து முறையைப் பின்பற்றி அமைந்த அப்பள்ளியில் மலாயாப் பெண்கள் பயின்றனர். தொடக்க காலத்தில் சிங்கப்பூரிலிருந்தும் பெண்கள் அங்குச் சென்று பயின்று திரும்பினர். வெள்ளுடை அணிந்த அத்தாதியர், பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் பிள்ளைகளின் பற்களைப் பார்வையிட்டனர். வகுப்பு நடந்து கொண்டிருக்கையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, நடுங்கிக் கொண்டே பல் அறைக்குச் சென்ற அனுபவம் இரு நாட்டிலும் ஒரு தலைமுறைக்கே பொதுவானது.

தண்ணீர் வழியாகவும் ஒரு பாதுகாப்பு வந்தது. குடிநீரில் புளோரைடு என்னும் பொருளை மிகச் சிறிய அளவில் கலந்தால் சொத்தை குறையும் என்பது, அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1945-இல் தொடங்கிய முயற்சியால் தெரிய வந்தது. சிங்கப்பூர் 1950-களில் தன் குடிநீரில் அதைச் சேர்த்தது. அதன் பயனை அளந்தறிய, புளோரைடு சேராத நீரைப் பருகிய மலாக்காப் பிள்ளைகளின் பற்களோடு சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் பற்கள் ஒப்பிடப்பட்டன. ஜொகூர் பாருவில் 1957-இல் இம்முறை தொடங்கியது. மலேசிய அரசு 1972-இல் அதனை நாடு தழுவிய கொள்கையாக ஏற்றது.

தண்ணீர் தன் கடமையைச் செய்தாலும், தூரிகையின் கடமை தீர்ந்துவிடவில்லை. ஆகவே பள்ளிகளில் பல் துலக்கும் பயிற்சி நடைபெற்றது. சிங்கப்பூரின் தொடக்கப் பள்ளிகளில் 1970-களில் நடந்த அக்காட்சியைப் பழைய நிழற்படங்களில் இன்றும் காணலாம். பள்ளிக் கட்டடத்தை ஒட்டிய கால்வாயோரம் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். ஒரு கையில் நீர்க்குவளை. மறு கையில் தூரிகை. ஆசிரியர் சொல்லச் சொல்ல, மேலும் கீழும், உள்ளும் புறமும், இடமும் வலமும் துலக்கி, ஒரே நேரத்தில் கால்வாயில் கொப்பளிப்பார்கள். மலேசியப் பள்ளிகளிலும் இத்தகைய பயிற்சி நடந்தது. பல இனப் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே முறையில், ஒரே நேரத்தில் கற்ற பாடங்களுள் இதுவும் ஒன்று. வீட்டில் தூரிகையே இல்லாத பிள்ளைக்கும் ஒரு தூரிகை கிடைத்தது. அப்பயிற்சியின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

தோட்டத்துப் பிள்ளை

ஆயினும், கால்வாயோரம் வந்து அமர்ந்த அந்தப் பிள்ளை அதற்கு முந்திய ஆண்டுகளில் என்ன செய்தது? தமிழர்களாகிய நமக்கு இந்த வினா தோட்டப்புறத்து வாழ்க்கையை நினைவூட்டுகின்றது.

ரப்பர் மரம் சீவுவோர் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றாக வேண்டும். வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்றாக வடியும் என்பது தொழிலின் நியதி. தாயும் தந்தையும் இருளிலேயே லயத்தை விட்டுப் புறப்படுவார்கள். கைக்குழந்தையும் சிறு பிள்ளையும் உறக்கத்தோடு ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிச் செல்லப்படுவார்கள். அங்கே ஓர் ஆயா, சில வேளைகளில் இருவர், பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். பசியாற்றுவதும், அழுகையை அமர்த்துவதும், அடிபடாமல் காப்பதுமே அவர்களுக்குப் போதும் போதுமென்றிருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் திறந்து துலக்கிவிட அங்கே எவருக்கு நேரம் இருந்திருக்கும்?

சற்று வளர்ந்த பிள்ளை தானே எழுந்து, தம்பி தங்கையையும் எழுப்பி, பீலித் தண்ணீரில் முகம் கழுவிப் பள்ளிக்குச் செல்லும். கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருந்த தோட்டங்களில் பள்ளி அமைக்க நிருவாகத்துக்கு ஆணையிட வழி செய்தது. அதன் விளைவாகத் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. எழுத்தைக் கற்றுத் தரப் பள்ளி இருந்தது. பல் துலக்கக் கற்றுத் தரும் பொறுப்பு எவருக்கும் எழுதி வைக்கப்படவில்லை. கரியோ, பற்பொடியோ, பாட்டியின் கையிலிருந்து வந்ததை விரலால் தொட்டுத் தேய்த்துவிட்டு ஓடுவதே வழக்கமாயிற்று. பற்பொடியின் பெயர்களை இலங்கை வானொலி விளம்பரங்கள் வீடுதோறும் கொண்டு வந்தன. அதனை எப்படித் தேய்ப்பது, யார் தேய்த்துவிடுவது என்பதை அவை சொல்லவில்லை.

'ஐந்து வயதிலேயே தன் வேலையைத் தானே செய்கிற பிள்ளை' என்று ஊரார் பாராட்டுவதுண்டு. அந்தப் பாராட்டில் உண்மையும் உண்டு, துயரமும் உண்டு. பிள்ளை தானே பல் துலக்கியது, அதன் கை தகுதி பெற்றுவிட்டதால் அன்று. பிடித்துக் கற்பிக்க வேண்டிய கை ரப்பர்த் தோட்டத்தில் கத்தி பிடித்திருந்ததால்தான். இதில் அந்தத் தாயின் மீது குற்றம் காண்பது அறமாகாது. நேரத்தை அவள் கையிலிருந்து எடுத்துக் கொண்ட தொழில்முறையே இதற்குப் பொறுப்பாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த பின்பும் நிலைமை முற்றிலும் மாறிவிட்டது எனக் கூற முடியாது. பெரட்டு மணியின் இடத்தில் தொழிற்சாலையின் வேலை முறை நேரமும் பள்ளிப் பேருந்தின் ஒலியும் வந்து சேர்ந்தன.

கை உணர்த்தும் வயது

இனி, பிள்ளையின் உடல் இவ்வினாவுக்குத் தரும் விடையைக் காண்போம். குழந்தை பிறந்து ஏறத்தாழ ஆறு மாதமானதும் முதற்பல் முளைக்கத் தொடங்குகின்றது. மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்களும் முளைத்துவிடுகின்றன. அவற்றின் மேலுறை நிலைத்த பற்களின் மேலுறையைக் காட்டிலும் மெல்லியது. எனவே சொத்தை விரைந்து உட்புகும். 'விழப்போகிற பல்தானே' என்று நாம் அலட்சியமாகக் கூறும் பாற்பற்களுள், கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்து பணி செய்பவை. அவையே உணவை மெல்ல உதவுகின்றன; பின்னே வரும் பற்களுக்கு இடம் காத்து நிற்கின்றன.

ஏறத்தாழ ஆறு வயதில் மற்றொரு நிகழ்ச்சி நடைபெறுகின்றது. பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நிலைத்த கடைவாய்ப்பல் ஒன்று ஒவ்வொரு புறமும் மேலும் கீழுமாக முளைக்கின்றது. எதுவும் விழாததால் பெற்றோர் அதனைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் பாற்பல் என்றே எண்ணிவிடுவர். வாழ்நாள் முழுமைக்கும் உரிய அந்தப் பல் வாயின் கடைக்கோடியில், ஆழ்ந்த பள்ளங்களோடு இருப்பதால், பிள்ளையின் தூரிகைக்கு எளிதில் எட்டாது. சொத்தை முதலில் பிடிக்கும் நிலைத்த பற்களுள் அது முதன்மையானது.

அந்தப் பல்லை எட்டிச் சரியாகத் துலக்கப் பிள்ளையின் கைக்கு என்ன திறன் வேண்டும்? மணிக்கட்டை வளைக்க வேண்டும். சிறு அசைவுகளை அளவறிந்து செய்ய வேண்டும். கண்ணால் காண முடியாத இடத்தைத் தொடுவுணர்வால் அறிந்து துலக்க வேண்டும். காலணியின் கயிற்றைத் தானே முடிச்சிடவும், எழுத்தைச் சீராக எழுதவும் தேவைப்படும் திறனே இதற்கும் தேவை என மருத்துவர்கள் ஒப்பிட்டுக் கூறுகின்றனர். அத்திறன் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு வயதில்தான் வாய்க்கின்றது. ஏழு வயது வரையிலேனும் பெரியவர் ஒருவர் துலக்கிவிடவோ, உடனிருந்து உதவவோ வேண்டும் என்பது பிரிட்டனில் வழங்கப்படும் அறிவுரை. அமெரிக்காவிலும் ஏழு, எட்டு வயது வரை உதவி தேவை என்றே கூறுகின்றனர்.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பற்பசையைத் துப்பும் திறன் சிறு குழந்தைக்கு முழுமையாக இராது. இனிப்புச் சுவை கண்டு விழுங்கிவிடும். பற்பசையிலுள்ள புளோரைடு அளவோடு பல்லைக் காக்கும். தொடர்ந்து மிகுதியாக விழுங்கினால், உருவாகிக் கொண்டிருக்கும் பற்களில் வெண்புள்ளிகளைத் தோற்றுவிக்கும். ஆகவேதான் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும் என வரையறுத்துள்ளனர். அந்த அளவைப் பிழிந்து கொடுக்க வேண்டியவர் பெரியவரே. குழலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அளவை எதிர்பார்ப்பது பொருந்தாது.

நம் பள்ளி முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளை ஏழு வயதில் முதலாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கின்றது. அதாவது, தூரிகையைச் சரியாகக் கையாளும் தகுதி அரும்பும் வயதில் அது ஆசிரியரிடம் வருகின்றது. அவ்வகையில் பள்ளிப் பயிற்சி காலத்துக்கு ஏற்றதே. ஆனால், பாற்பற்களுக்குரிய ஆறு ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிடுகின்றன. நிலைத்த கடைவாய்ப்பல்லும் முளைத்துவிடுகின்றது. எவரும் பொறுப்பேற்காத அந்த ஆறு ஆண்டுகளில் ஏற்பட்ட கேட்டையே பல் தாதியர் பள்ளியில் கண்டனர். மலேசியாவில் 1984-இல் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் நலத் திட்டம் தொடங்கப்பட்டதும், 1985-இல் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கும் முறை வகுக்கப்பட்டதும் இந்த உண்மையை உணர்ந்ததன் விளைவே எனக் கொள்ளலாம். பள்ளிவாசலில் நின்ற கவனம், பாலர் பள்ளியை நோக்கிப் பின்னே நகர்ந்தது.

கைப்பிடித்துக் கற்பிக்கும் மரபு

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினைக்கு உவமை தேடி வெளியே செல்ல வேண்டியதில்லை. அது நம் கல்வி மரபிலேயே உள்ளது. ஏடு தொடங்கும் நாளில் குழந்தையிடம் எழுத்தாணியைக் கொடுத்து, 'நீயே எழுது' என்று நம் முன்னோர் கூறவில்லை. பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து, பரப்பிய அரிசியிலோ மணலிலோ 'அ' என்னும் எழுத்தை எழுதுவித்தனர். நாள் செல்லச் செல்ல ஆசிரியரின் பிடி தளர்ந்தது. பிறகு கை விலகியது. கண் மட்டும் உடனிருந்தது. பிழை நேர்ந்தபோது கை மீண்டும் வந்தது. இவ்வாறு சில ஆண்டுகளில் எழுத்து பிள்ளைக்குச் சொந்தமாயிற்று.

பல் துலக்குதலையும் இம்முறையிலேயே கற்பிக்க வேண்டும். முதற்பல் முளைத்த நாள் முதல் பெரியவர் கையே துலக்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் பிள்ளை தூரிகையைக் கேட்டு அடம்பிடிக்கும். அந்த ஆர்வத்தைத் தடுக்காமல் முதலில் பிள்ளையைத் துலக்கவிட்டு, பின்னர்ப் பெரியவர் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். பிள்ளையின் பின்னால் நின்று, தலையைச் சற்றே சாய்த்துப் பிடித்துக் கொண்டால் கடைவாய் தெளிவாகத் தெரியும். ஆறு வயதில் புதிதாக வந்த கடைவாய்ப்பல்லைக் கண்ணாடியில் காட்டி, 'இது உனக்கு வாழ்நாள் துணை' என்று அறிமுகம் செய்து வைக்க வேண்டும். ஏழு, எட்டு வயதில் கையை விலக்கிக் கொண்டு கண்ணை மட்டும் வைத்திருக்க வேண்டும். சிறப்பாக, இரவு உறங்குமுன் துலக்கும் வேளையைத் தவறவிடலாகாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் அமிலம் தன் வேலையைத் தடையின்றிச் செய்யும்.

ஆசிரியர்களின் பங்கும் இதில் சிறிதன்று. முதலாம் வகுப்பு ஆசிரியர் மாணவனின் எழுத்தை நாள்தோறும் காண்கின்றார். கோடு தடுமாறும் பிள்ளைக்குத் தூரிகையும் தடுமாறும் என்பதை அவர் எளிதில் உணரலாம். அத்தகைய பிள்ளையின் பெற்றோரைச் சந்திக்கும்போது, 'பிள்ளைக்கு வீட்டில் இன்னும் சில காலம் பல் துலக்கிவிடுங்கள்' என ஒரு சொல் கூறலாம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் துலக்கிவிடுவது செல்லம் கொடுப்பதாகாது என்பதையும் விளக்கலாம். பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கோ இந்த வாய்ப்பு இன்னும் முன்னதாகவே கிடைக்கின்றது. ஒருகாலத்தில் ஆயாக்கொட்டகையில் எவருக்கும் நேரமில்லாமற் போன அந்தப் பணியை, இன்று அவர்கள் நிறைவேற்ற முடியும்.

குச்சியிலிருந்து நைலான் தூரிகை வரை கருவி மாறியது. புழுவிலிருந்து நுண்ணுயிர் வரை விளக்கம் மாறியது. படைவீரனை வேண்டிய அரசுகள் பள்ளிப் பிள்ளையைத் தேடி வந்தன. பள்ளிப் பிள்ளையைக் கண்டவர்கள் பாலர் பள்ளிக்குச் சென்றனர். இந்நீண்ட பயணம் சென்று சேர வேண்டிய இடம் வீடே. பிள்ளை தூரிகையைத் தூக்கும் நாள் அன்று, அதனைச் சரியாகக் கையாளும் நாளே தகுதி பெற்ற நாள். அந்த நாள் வரும் வரை பெரியவர் தம் கையை விலக்கிக் கொள்ளாதிருப்பதே, எழுத்தறிவித்தவனை இறைவனாகப் போற்றும் நம் சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு ஆற்ற வேண்டிய கடமையாகும்.